வேரோடு நிறுத்துங்கள், நுனி வரை இழுக்காதீர்கள்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 44. மதுரையில் ஒரு வங்கியில் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்லரில் பிரவுன் கலர் போட்டுக்கொள்கிறேன். போட்ட மூன்றாவது வாரமே வகிட்டிலும் காதோரத்திலும் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கிறது. கவுண்டரில் குனிந்து எழுதும்போது எதிரே நிற்பவர் என் உச்சந்தலையையே பார்ப்பது போல இருக்கும். போன மாதம் கடையில் ‘நேச்சுரல் பிளாக்’ பாக்கெட் வாங்கி வீட்டிலேயே வேரில் தடவினேன். கிண்ணத்தில் பாதி மீந்தது. வீணாக்க மனசு வராமல் முடி முழுக்க இழுத்துவிட்டுவிட்டேன். இப்போது மேலே கன்னங்கரேல், நுனியில் திட்டுத்திட்டாகப் பிரவுன். நெற்றி ஓரம் மையால் வரைந்தது போல இருக்கிறது. இன்னும் மூன்றரை வாரத்தில் அண்ணன் மகள் கல்யாணம். நாத்தனார் மருதாணி போடச் சொல்கிறார். இதன் மேல் பிரவுன் போட்டால் கறுப்பு மாறுமா? வீட்டில் வேரை மட்டும் சரியாகத் தொட்டுக்கொள்வது எப்படி?
வாசகி, மதுரை

பதில்: பிரவுன் போட்டால் கறுப்பு மாறுமா என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெரியாமல்தான் பலர் இரண்டாவது பாக்கெட்டையும் வாங்கிவிடுகிறார்கள். மாறாது. கறுப்புப் புடவையைக் காவிச் சாயத்தில் முக்கினால் கறுப்பாகத்தானே இருக்கும்? தலைமுடியும் அப்படித்தான். சாயம் ஏறிய முடியை இன்னொரு சாயம் வெளுக்காது. நீங்கள் பிரவுன் போட்டால், புதிதாக முளைத்த ஒரு சென்டிமீட்டர் மட்டும் பளிச்சென்று செம்பழுப்பாகும், அதற்குக் கீழே கறுப்பு அப்படியே நிற்கும். தலையில் மூன்று கோடு விழும்.

கறுப்பை எடுக்க வேண்டுமென்றால் பார்லரில் கலர் ரிமூவரோ லேசான பிளீச்சோ போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதுவும் ஒரே தடவையில் போகாது, முடி வறண்டு வைக்கோலாகும் ஆபத்தும் உண்டு. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது நான் என் வாடிக்கையாளர் யாருக்கும் அதைச் செய்ய மாட்டேன். வீட்டில் நீங்களே பிளீச் வாங்கி முயற்சி செய்வதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். வேரைப் பார்ப்போம்.

தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர், சிலருக்கு ஒன்றேகால் வரை வளரும். மூன்றாவது வாரத்தில் தெரிகிற அந்த வெள்ளைக் கோடு சுமார் முக்கால் சென்டிமீட்டர்தான் இருக்கும். சாயம் வேண்டியது அந்த இத்தனூண்டு இடத்துக்குத்தான். அதற்குக் கீழே இருப்பது ஏற்கெனவே சாயம் குடித்த முடி. ஒவ்வொரு தடவையும் நுனி வரை இழுத்துவிட்டால் சாயத்தின் மேல் சாயம் ஏறிக்கொண்டே போய், இரண்டு வருஷத்தில் பின்னலின் கடைசிச் சாண் கரி பூசியது போல மினுமினுப்பே இல்லாமல் நிற்கும். எனக்கு இது என் அம்மா தலையில்தான் புரிந்தது. தொழில் கற்றுக்கொண்டிருந்த புதிதில் ஞாயிறுதோறும் அம்மாதான் என் சோதனைக்கூடம். நானும் உங்களைப் போலவே மீந்ததை வீணாக்காத ஆள். ஒருநாள் அம்மா பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, “என்னடி இது, சவுரி வைத்தது மாதிரி இருக்கு” என்றார். அன்றைக்கு விட்டதுதான் நுனிக்கு இழுக்கிற பழக்கம்.

இனி உங்கள் நாட்கணக்கு. கல்யாணத்துக்கு ஐந்து அல்லது ஆறு நாள் முன்னால் டச்-அப் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு முதல் நாள் போட்டால் நெற்றியில் ஒட்டிய கறை போட்டோவில் விழும். இரண்டு தலைக்குளியலுக்குப் பிறகுதான் கலர் இயல்பாகத் தெரியும். ஐந்து நாளில் புதிதாக வளர்வது சுமார் இரண்டு மில்லிமீட்டர்தான், யார் கண்ணிலும் படாது.

அந்த டச்-அப்புக்கும் இரண்டு நாள் முன்னால் பேட்ச் டெஸ்ட், அதாவது சாயம் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று துளி வைத்துப் பார்ப்பது. உடனே “நான் எத்தனை வருஷமாகப் போடுகிறேன், எனக்கென்ன” என்பீர்கள். என்னிடம் பதினோரு வருஷம் கலர் போட்டுக்கொண்ட ஒரு டீச்சர் இருக்கிறார். ஒரு நாள் லீவில் ஊருக்குப் போன இடத்தில் வேறு ஏதோ பாக்கெட் வாங்கிப் போட்டிருக்கிறார். மறுநாள் காலையில் கண் இரண்டும் திறக்கவில்லை, காது மடல் வெந்தது போலச் சிவந்து நீர் வடிகிறது. பதினோரு வருஷம் ஒன்றும் செய்யாத பொருள்தான். பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள், முழுப் பெயர் பாராஃபினைலின்டையமின். அடர் நிறச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் இதுவோ இதன் உறவுக்காரப் பொருளோ இருக்கும். உடம்பு இதை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பொறுத்துக்கொண்டு, திடீரென்று ஒருநாள் ‘போதும்’ என்றுவிடும். அப்படிச் சொல்லிவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க அதே பதில்தான். ஐரோப்பிய நாடுகளில் தலையில் வைக்கும் கலவையில் பி.பி.டி. 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

பேட்ச் டெஸ்டுக்கு அட்டையில் போட்டிருக்கிற முறைப்படி துளி சாயத்தைக் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்மடிப்பிலோ வைத்து 48 மணி நேரம் பாருங்கள். அரிப்பு, சிவப்பு, தடிப்பு எது வந்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம். ‘அமோனியா இல்லாதது’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தைரியமாகி விடாதீர்கள். அமோனியா இல்லையென்றால் மூக்கில் நெடி ஏறாது, அவ்வளவுதான். ஒவ்வாமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கலர் தலையில் இருக்கும்போது எரிந்தால் நேரம் பார்க்காமல் அலசிவிடுங்கள். கண் இமையோ உதடோ வீங்கினால், மூச்சு இழுத்தால், நேராக ஆஸ்பத்திரிக்கு. தலையில் புண், சொறிந்த காயம், பொடுகு தடித்த இடம் இருந்தால் அது ஆறும் வரை கலரே வேண்டாம்.

ஷேட் விஷயத்துக்கு வருகிறேன். பாக்கெட்டில் இருக்கும் பெண்ணின் படத்தைப் பார்த்து யாரும் கலர் வாங்கக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு உங்களுக்கு இருக்கிற நரை இல்லை. எண்ணைப் பாருங்கள். 1 என்றால் கறுப்பு, 3 அடர் பிரவுன், 4 நடுத்தர பிரவுன், 5 இளம் பிரவுன். புள்ளிக்குப் பிறகு வரும் எண் அதன் சாயலைக் காட்டும்: தங்கம், செம்பு, மஹோகனி என்று கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். புள்ளிக்குப் பிறகு எதுவும் இல்லாமலோ பூஜ்யமாகவோ இருந்தால் அது இயல்பு நிறம். நரையை நன்றாக மூடுவது இந்த இயல்பு நிறம்தான். செம்பும் சிவப்பும் மட்டும் தனியாகப் போட்டால் வெள்ளை முடி மேல் அவை கண்ணாடி போலத் தெரியும், குங்குமப்பூ இழை மாதிரி மின்னும். நீங்கள் வழக்கமாகப் போகிற பார்லரில் என்ன நம்பர் போட்டார்கள் என்று போன் பண்ணிக் கேளுங்கள். காசு கொடுத்தது நீங்கள், கேட்கிற உரிமை உண்டு. (இதைச் சொல்வதால் என் கல்லாவிலும் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.)

ஆனால் இந்தத் தடவை அந்த நம்பரை வாங்க வேண்டாம். பார்லரில் 4 போட்டிருந்தால் இப்போது வேருக்கு 3 போடுங்கள். கீழே இருக்கிற கறுப்புக்கு அது பக்கத்தில் வரும், கோடு தெரியாது. 1 போட்டால் மறுபடி மை அப்பியது போலாகும், அதிலிருந்து வெளியே வரவே முடியாது. அடுத்த மூன்று நான்கு மாதத்தில் கறுப்பு கீழே இறங்க இறங்க 3-இலிருந்து 4-க்கு ஏறிக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் ஒரு படி வெளிர் ஷேட் எடுப்பதுதான் எப்போதும் புத்திசாலித்தனம். போதவில்லை என்றால் அடுத்த முறை அடர்த்தியாக்கிக்கொள்ளலாம். நீங்கள் இப்போது மாட்டிக்கொண்டிருப்பது போல மறுபக்கம் திரும்பி வருவது லேசில்லை.

கிரீமோடு கலக்கக் கூட வரும் டெவலப்பர் (சாயத்தைப் பிடிக்க வைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு) 6 சதவீதம், அதாவது 20 வால்யூம். நரைக்கு அது சரியான அளவு. கடையில் 9, 12 என்றெல்லாம் தனியாக விற்பார்கள், ‘வேகமாகப் பிடிக்கும்’ என்பார்கள். வேரில் அது தேவையில்லை. தலைச் சூடு அங்கே ஏற்கெனவே வேலையை விரைவாக்குகிறது. வீரியம் கூடக் கூட உங்கள் இயல்பான கருமுடி வெளுத்து வேரில் ஆரஞ்சு அடிக்கும்.

கலர் போடும் நாளுக்கு முதல் நாள் ஷாம்பு போட்டுக் குளித்துவிடுங்கள். நம் ஊரில் நடக்கிற பெரிய தப்பு, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து அரைகுறையாக அலசிய தலையில் சனிக்கிழமை கலர் வைப்பது. எண்ணெய் இருக்கிற இடத்தில் சாயம் வழுக்கிக்கொண்டு போகும். அதற்காகக் கலர் போடும் அன்று காலையிலேயே கரகரவென்று தேய்த்துக் குளிக்கவும் வேண்டாம், தலைத்தோல் எரியும்.

பழைய நைட்டி, பழைய துண்டு, கையுறை, பிளாஸ்டிக் அல்லது பீங்கான் கிண்ணம், கலர் பிரஷ், வால் சீப்பு, நான்கு கிளிப், இரண்டு கண்ணாடி. கிண்ணம் உலோகமாக இருக்கக் கூடாது. நெற்றி ஓரத்திலும் காது மடலிலும் வாஸ்லின் தடவுங்கள், ஆனால் முடி மேல் ஏறாமல். ஏறினால் அங்கே கலர் பிடிக்காது, அதுதான் உங்களுக்கு வேண்டிய நரை இருக்கிற இடம். அடுத்ததாக ஒரு பார்லர் ரகசியம்: வெள்ளைக்குக் கீழே, கறுப்பு தொடங்குகிற இடத்திலிருந்து நாலு விரற்கடை நீளத்துக்குக் கண்டிஷனரைக் கையால் பூசிவிடுங்கள். கலர் வழிந்தாலும் பழைய முடி அவ்வளவாகக் குடிக்காது.

இப்போது எவ்வளவு கலக்குவது என்று பாருங்கள். வேருக்கு மட்டும் என்றால் கிரீம் 20 முதல் 25 கிராம் போதும். டெவலப்பர் அதற்கு எத்தனை பங்கு என்பது அட்டையில் இருக்கும், சிலதில் ஒன்றுக்கு ஒன்று, சிலதில் ஒன்றுக்கு ஒன்றரை. கண் அளவில் ஊற்றாமல் சமையலறைத் தராசில் வைத்து எடுங்கள். மீதி கிரீமை ட்யூபின் காற்றைப் பிதுக்கி மூடி வைத்தால் சீக்கிரத்தில் இன்னொரு தடவைக்கு ஆகும். கலக்காதவரைதான் அது.

தலையை நடு வகிடு, காதிலிருந்து காதுக்கு ஒரு கோடு என நான்காகப் பிரித்துக் கிளிப் போடுங்கள். எல்லா இடத்துக்கும் வேண்டாம். பார்லருக்கு நடுவில் போடுகிற டச்-அப்புக்கு வகிட்டின் இரு பக்கமும் இரண்டு விரல் அகலம், இரண்டு காதோரம், நெற்றி. அவ்வளவுதான் வெளியே தெரிவது. கல்யாணத்தில் கொண்டை போட்டுப் பூ வைக்கப் போகிறீர்கள் என்றால் பிடரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கேதான் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பார்கள்.

நரை எங்கே பிடிவாதமாக இருக்கிறதோ அங்கே தொடங்குங்கள். பெரும்பாலும் அது காதோரம். வால் சீப்பின் நுனியால் அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு மெல்லிய தகடு போலப் பிரித்து எடுத்து, பிரஷின் ஓரத்தில் கொஞ்சம் கலர் எடுத்து வேரில் அழுத்தி வையுங்கள். தேய்க்காதீர்கள், சுவருக்கு வெள்ளையடிப்பது போல மேலும் கீழும் இழுக்காதீர்கள். தோசைக்கல்லில் எண்ணெய் தொட்டு வைப்பீர்களே, அந்த மாதிரி தொட்டுத் தொட்டு. ஒரு தகடு முடிந்ததும் அதை மறுபக்கம் திருப்பி, பின்பக்கத்து வேரையும் தொடுங்கள். வீட்டில் போடுகிறவர்கள் விடுகிற இடம் இதுதான். முன்னால் பார்த்தால் மூடியது போல இருக்கும், காற்றில் முடி பறந்ததும் உள்ளே வெள்ளை தெரியும். கறுப்பு தொடங்குகிற இடத்தில் பிரஷ் நின்றுவிட வேண்டும்.

காதோரம் முடிந்ததும் வகிடு, பிறகு வகிட்டுக்குப் பக்கத்துத் தகடுகள். நெற்றி விளிம்பில் பூனைமுடி மாதிரி மெல்லிசாக இருக்கிறதே, அதைக் கடைசிக்கு விடுங்கள். மெல்லிய முடி சீக்கிரம் சாயம் குடித்து அடர்ந்துவிடும். போன தடவை உங்களுக்கு மை வைத்து வரைந்தது போல ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். பிரஷில் ஒட்டியிருக்கிற மிச்சத்தால் லேசாகத் தடவினால் போதும்.

எல்லாம் முடிந்த பிறகு கடிகாரம் பாருங்கள். அட்டையில் சொன்ன நேரம், பொதுவாக 30 முதல் 35 நிமிஷம். ‘இன்னும் பத்து நிமிஷம் இருக்கட்டுமே’ என்ற பேராசை வேண்டாம், ‘அவசரம், இருபதிலேயே அலசிவிடுகிறேன்’ என்பதும் வேண்டாம். பாதியில் அலசினால் நரை முழுதாக மூடாது, மூடிய இடமும் சீக்கிரம் வெளுத்துவிடும். மதுரை வெயிலுக்கு ஃபேனுக்குக் கீழே உட்காரத் தோன்றும். உட்காராதீர்கள். கிரீம் காய்ந்து பொருக்குத் தட்டினால் சாயம் அதோடு வேலையை நிறுத்திக்கொள்ளும்.

அலசும்போது எடுத்த எடுப்பில் மக்கால் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரைக் கையில் நனைத்து, வேரில் இருக்கிற கிரீமை விரல் நுனியால் இரண்டு நிமிஷம் குழைத்து நுரைக்க விடுங்கள். நெற்றியில் ஒட்டிய கறை மேலும் அதே நுரையை வட்டமாகத் தேயுங்கள், கறையை அதே கலர் இளக்கிவிடும். இதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் எலுமிச்சை, சோடா உப்பு என்று நெற்றியைத் தோலுரித்துக்கொண்டு வருவார்கள். மிச்சக் கறைக்குத் தேங்காய் எண்ணெய்ப் பஞ்சு போதும். தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசி, பாக்கெட்டோடு வந்த கண்டிஷனரைப் போட்டுவிட்டு இரண்டு நாள் தலையைச் சும்மா விடுங்கள். உங்கள் வீட்டில் போர் தண்ணீர் என்றால் கடைசி இரண்டு மக் மட்டும் நல்ல தண்ணீராக ஊற்றுங்கள், உப்பு படிந்தால் கலர் மங்கிப் போகும். சீயக்காய் போட்டு எண்ணெய்க் குளியல் கல்யாணம் முடிகிற வரை வேண்டாம்.

நடுவில் இருக்கிற இந்த இரண்டு மூன்று வாரத்துக்கு என்ன செய்வது? இதற்குத்தான் கன்சீலர் ஸ்ப்ரே, பவுடர், மஸ்காரா மாதிரி பிரஷ் எல்லாம் இருக்கிறது. ஒரு ஷாம்புவில் போய்விடும், அதுதான் அதன் நல்ல குணம். ஸ்ப்ரே என்றால் நெற்றியை டிஷ்யூவால் மறைத்துக்கொண்டு ஒரு சாண் தள்ளிப் பிடித்து அடியுங்கள், காயும் வரை தொடாதீர்கள். ஆபீஸ் ஏசிக்கு இது போதும். கல்யாண மண்டபத்துப் புழுக்கத்தில் பவுடர் வேர்வையோடு இறங்கிக் கழுத்துப் பட்டியில் கோலம் போடும், ஆகவே முகூர்த்தத்துக்கு அதை நம்பாதீர்கள். எல்லாவற்றையும்விட மலிவான வழி ஒன்று உண்டு: வகிட்டை ஒரு விரல் அகலம் தள்ளி எடுங்கள், நேர்கோடாக இல்லாமல் லேசாக வளைத்து. வெள்ளையை எடுத்துக் காட்டுவது முக்கால்வாசி அந்த நேர்கோடுதான்.

இனி நாத்தனார் சொன்ன மருதாணி. சுத்த இலைப்பொடி என்றால் அது நல்ல பொருள்தான், சண்டை வேண்டாம். ஆனால் அதன் நிறம் ஒன்றே ஒன்று. அதில் இருக்கிற லாசோன் என்ற பொருள் முடியின் புரதத்தோடு ஒட்டி வெள்ளை முடியை ஆரஞ்சாக்கும். கறுப்புக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் ஆரஞ்சு, யோசித்துப் பாருங்கள். அதை அடர்த்தியாக்க அவுரிப் பொடியை இரண்டாவதாக வைக்க வேண்டும், அது கைப்பழக்கம் வேண்டிய வேலை. ‘கறுப்பு மருதாணி’ என்று பாக்கெட்டில் வருகிறதே, அரைமணியில் கறுப்பாக்குவது இலை இல்லை, பெரும்பாலும் நான் மேலே சொன்ன அதே பி.பி.டி.தான். சில மலிவுக் கலவைகளில் உலோக உப்பு இருக்கும், அதன் மேல் பிறகு டெவலப்பர் பட்டால் முடி சூடேறிக் கருகக்கூடக் கூடும். அதனால் என்னென்ன போட்டிருக்கிறீர்கள் என்பதை அடுத்து பார்லருக்குப் போகும்போது மறைக்காமல் சொல்லுங்கள். மருதாணி உங்களுக்குப் பிடித்திருந்தால் கல்யாணத்துக்குப் பிறகு, கலர் முழுவதையும் விட்டுவிடுகிற முடிவோடு தொடங்குங்கள். இதில் ஒரு தடவை, அதில் ஒரு தடவை என்பது வேண்டாம்.

புருவத்தில் இரண்டு நரை இருக்கிறது என்று மிச்சக் கலரை அங்கே தொட்டு வைக்காதீர்கள். கண்ணுக்குப் பக்கத்தில் இந்தச் சாயம் போகவே கூடாது.

கடைசியாக, கிண்ணத்தில் மீந்தது. இந்தத் தடவையும் கொஞ்சம் மீதியாகும், உங்கள் கை சும்மா இருக்காது என்று தெரியும். கலந்த கலர் அடுத்த மாதத்துக்கு ஆகாது. பாட்டிலில் ஊற்றி மூடி வைத்தால் உள்ளே வாயு உண்டாகி மூடியைத் தூக்கி அடிக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் திறந்து வைப்பதும் ஆபத்து, வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சே நின்றுவிடக்கூடும். அப்போதே கழுவி ஊற்றிவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் “மீசைக்கு ஒரு கோடு இழுத்துவிடேன்” என்று வந்து நின்றாலும் கொடுக்காதீர்கள். அவருக்கும் 48 மணி நேரம் உண்டு.